கடலோர வீட்டுத் தரைக்கு லேமினேட்டா, வினைலா?

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் தரை விஷயத்தில் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: மரம் மாதிரி தெரிகிற தரையைப் போடலாமா? போடுவதானால் லேமினேட்டா, வினைலா? இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில்தான் சாய்த்து வைத்திருக்கும். தேக்கு நிறம், வால்நட் நிறம், சாம்பல் நிறம் என்று எல்லாம் இரண்டிலும் உண்டு. பழகாத கண்ணுக்கு மேலே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் லேமினேட் வேண்டாம். வினைல் போடலாம், அதிலும் எஸ்.பி.சி. என்கிற கெட்டி வகை. மாடியில் நல்ல காற்றோட்டம் உள்ள படுக்கையறைக்கு லேமினேட்டை யோசிக்கலாம். சில வீடுகளில், தரையில் ஏறுகிற ஓதத்தை, அதாவது கீழிருந்து ஊறி வருகிற ஈரத்தை, சரிசெய்கிற வரைக்கும் இரண்டுமே வேண்டாம். ஏன் என்று புரிந்துகொண்டால், உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பலகையின் வெட்டுமுகம்

கடையில் மாதிரித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். வாங்கியதும் டிசைனைப் பார்க்காமல், துண்டைத் திருப்பி வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்.

லேமினேட் என்றால் ஓரம் பழுப்பாக இருக்கும். அது எச்.டி.எஃப். எனப்படும் பலகை. மரத்தை நாராக்கி, பிசின் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்தியது. பலகையின் கனம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அல்லது 12 மில்லிமீட்டர். அதன் மேல் மர ரேகை அச்சடித்த ஒரு காகிதம். நாம் ‘தேக்கு’ என்று பார்ப்பது அந்தப் படத்தைத்தான். படத்துக்கு மேலே மெலமைன் பிசினில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த, கண்ணாடி போலத் தெளிவான படலம் ஒன்று. கீறலைத் தாங்குவது அதுதான். பலகை வளையாமல் இருக்க அடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும்.

சுவீடனைச் சேர்ந்த பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் இதை உருவாக்கியது. ‘பெர்கோ’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. பசை இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று ‘கிளிக்’ என்று மாட்டுகிற முறை 1990-களின் நடுவில் வந்தது. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சூடேற்றி வைக்கிற, அதனாலேயே உள்காற்று வறண்டு கிடக்கிற நாட்டில் பிறந்த பொருள் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

வினைல் என்பது பி.வி.சி., அதாவது பிளாஸ்டிக். இதில் மரமே கிடையாது. கடையில் மூன்று உருவத்தில் வரும். ஒன்று, ஜமுக்காளம் போலச் சுருட்டி வருகிற ரோல். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனம்தான், விலையும் குறைவு. இரண்டாவது, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் பட்டை பட்டையாக வருவது. பசை தடவித் தரையோடு ஒட்ட வேண்டும். மூன்றாவதுதான் எஸ்.பி.சி. சுண்ணாம்புக்கல் பொடியையும் பி.வி.சி.யையும் சேர்த்து அழுத்திய கெட்டிப் பலகை. நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் கனம், லேமினேட் மாதிரியே கிளிக் போட்டு மாட்டலாம். ஓரம் சாம்பல் நிறமாக இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். டபிள்யூ.பி.சி. என்று இன்னொன்றும் உண்டு. அது நுரைத்த நடுப்பகுதி கொண்டது, மிதிக்க மெத்தென்று இருக்கும், ஆனால் கனமான பீரோவுக்குக் கீழே பள்ளம் விழும்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மிருதுவாக்கச் சில எண்ணெய் போன்ற ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். ரோலில் அது நிறைய இருக்கும், எஸ்.பி.சி.யின் நடுப்பகுதியில் மிகக் குறைவு. ரோல் வெயிலுக்குத் தளர்வதற்கும், எஸ்.பி.சி. அதிகம் அசையாமல் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

இனி ஒரு சோதனை. லேமினேட் துண்டு ஒன்று, எஸ்.பி.சி. துண்டு ஒன்று, இரண்டையும் இரவு ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் எஸ்.பி.சி. போட்டபடியே இருக்கும். லேமினேட்டின் மேல்முகமும் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்: கிளிக் போடுகிற அந்த நாக்குப் பகுதி உப்பி, மேல் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். நகத்தால் அழுத்தினால் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி உதிரும். வெயிலில் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பிய நார் உப்பியதுதான். வீட்டில் தரை முழுக்கப் போட்ட பிறகு இது நடந்தால், இரண்டு பலகை சேர்கிற ஒவ்வொரு கோட்டிலும் கால் விரல் தட்டும்.

இப்போது ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ லேமினேட் என்று விற்கிறார்கள். இணைப்பு ஓரங்களில் மெழுகு போன்ற பூச்சு கொடுத்து, மேலே சிந்துகிற தண்ணீர் சில மணி நேரம் உள்ளே இறங்காமல் செய்திருப்பார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நடுவில் இருப்பது இன்னமும் மர நார். அடியில் இருந்து வருகிற ஈரத்துக்கு அந்த மெழுகு பதில் ஆகாது.

ஈரம் கீழிருந்து வருகிறது

தரைக்குத் தண்ணீரால் கேடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குடம் கவிழ்வதும், குழந்தை சிந்துவதும், கழுவி விடுவதும்தான். நம் கடற்கரையில் பெரிய கேடு கண்ணில் படாமல் கீழே இருந்து ஏறுகிறது.

இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அதிக ஆழத்திலும் இல்லை. செங்கல், சிமென்ட் கலவை, கான்கிரீட் எல்லாவற்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியாக ஈரம் தானாக மேலே ஏறும். மேலே வந்த தண்ணீர் ஆவியாகிவிடும். கூட வந்த உப்பு அங்கேயே தங்கி, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்வதைப் பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். கட்டும்போது உப்புத் தண்ணீரையோ சரியாகக் கழுவாத கடல் மணலையோ சேர்த்திருந்தால், உப்பு கட்டடத்துக்குள்ளேயே குடியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தரையின் மேல் லேமினேட் போட்டால் பலகை அடியில் இருந்து ஈரத்தைக் குடிக்கும். பசை போட்டு ஒட்டுகிற வினைலும் இங்கே தோற்கும். சிமென்டில் உள்ள காரம் ஈரத்தோடு மேலே வந்து பசையை இளக்கிவிடும். முதலில் மூலைகள் கிளம்பும், பிறகு நடந்தால் ‘சொத் சொத்’ என்று சத்தம் வரும். எஸ்.பி.சி. பசை இல்லாமல் மிதக்கிற மாதிரி கிடப்பதால் பலகைக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் கடையில் சொல்கிற ‘வாட்டர் ப்ரூஃப்’ என்பது அந்தப் பலகைக்கு மட்டும்தான் பொருந்தும், உங்கள் வீட்டுக்கு அல்ல. தரையைக் காற்றுப் புகாத ஒன்றால் மூடிவிட்டால், இதுவரை தரை முழுக்க ஆவியாகிக்கொண்டிருந்த ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது சுவரோரம் ஒதுங்கி அங்கே ஏறும். புதுத் தரை போட்ட பிறகு “சுவரு முன்னைவிட அதிகமாப் பொரியுதே” என்று சில வீடுகளில் சொல்வது இதனால்தான். பலகைக்கு அடியில் தேங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அறை முழுக்கப் புழுங்கல் வாடை வரும்.

அதனால் டிசைன் பார்க்கப் போவதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கெட்டியான பாலிதீன் தாளை வெறும் சிமென்ட் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் நல்லது. எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்துச் சிமென்ட் மட்டும் கறுத்திருந்தாலோ, ஓதம் ஏறுகிறது என்று பொருள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரத்தில் ஒன்று, குளியலறைச் சுவர் பக்கம் ஒன்று என்று வையுங்கள். சித்திரை வெயிலில் செய்து தேறிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செய்கிற சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஏற்கெனவே டைல்ஸ் இருக்கிற தரை என்றால், இடுக்குகளில் வெள்ளை பூக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

லேசான ஈரம் என்றால் 200 மைக்ரான் பாலிதீன் தாளை அறை முழுக்க விரித்து, ஒரு தாள் மேல் இன்னொரு தாள் 20 சென்டிமீட்டர் ஏறும்படி வைத்து டேப் ஒட்டி, அதன் மேல் எஸ்.பி.சி. போடலாம். தாள் வியர்த்துச் சொட்டுகிற அளவுக்கு ஈரம் என்றால் முதலில் கொத்தனாரை அழைத்து, வெளியே மழைநீர் எங்கே தேங்குகிறது, பேஸ்மட்டத்தில் ஈரத்தடுப்பு போட்டிருக்கிறதா, குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு மேலே அழகான தரை போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுகிற வேலை. புதிதாகப் போட்ட தளம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். 28 நாளில் கான்கிரீட் பலம் பெறும். ஆனால் காய்வதற்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு.

கீழிருந்து வருவது ஒரு பக்கம் என்றால், காற்று இன்னொரு பக்கம். லேமினேட் கம்பெனிகள் பொதுவாக 35 முதல் 65 சதவீதத்துக்குள் இருக்கிற ஈரப்பதத்தை எதிர்பார்க்கின்றன. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவில் இருக்கிற நம் ஊர்களில் அதற்குள் இருக்கிற நாட்கள் குறைவு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பலகை விரியும், வறண்ட நாளில் சுருங்கும். எப்போதும் ஏ.சி. ஓடுகிற மாடி அறையில் இது பெரிய தொல்லை இல்லை. கதவைத் திறந்து போட்டுக் கடல்காற்றில் உட்கார்ந்திருக்கிற முன்கூடத்தில் பலகைக்கு ஓய்வே இருக்காது. வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பதும் இங்கே வழக்கம். பூட்டிய வீட்டில் ஈரம் வெளியேற வழி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு லேமினேட்டை நான் சொல்லவே மாட்டேன். கரையான் தொல்லை உள்ள மனைக்கும் இதுதான் பேச்சு. மர நார் என்றால் கரையானுக்கும் அது மரம்தான்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டால், லேமினேட்டை அள்ளிப் போட வேண்டியதுதான். கிளிக் வகை எஸ்.பி.சி.யை ஓரத்துச் சட்டத்தைக் கழற்றி, பலகை பலகையாக எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, தரை நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பப் போட முடியும். அதற்கு ஒவ்வொரு பலகைக்கும் எடுக்கிறபோதே பின்னால் எண் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுத் துண்டுகள் எங்கே போகும் என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

வினைலுக்கும் பலவீனம் உண்டு

இவ்வளவு சொன்னதால் வினைலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஆகிவிடாது. சூடு அதற்கு ஆகாது. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் வழியாகப் பகல் முழுக்க நேர் வெயில் விழுகிற இடத்தில் ரோல் வினைல் தளர்ந்து அலை அலையாக எழும்பும், நிறமும் வெளுக்கும். எஸ்.பி.சி. கூட அடர்ந்த நிறமாக இருந்தால் இணைப்பில் கூரை மாதிரி நிமிர்வது உண்டு. கெட்டித் திரைச்சீலை போடுங்கள், வெளிர் நிறம் எடுங்கள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறைக்கு வினைல் வேண்டாம்.

நெருப்பும் அப்படித்தான். சாம்பிராணி போடுகிற வீடுகளில் ஒரு தணல் துண்டு விழுந்தால் வினைலில் உடனே ஓட்டை. குத்துவிளக்குத் திரி, கற்பூரம், மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். லேமினேட்டின் மெலமைன் மேல்முகம் இந்தச் சின்னச் சூட்டை ஓரளவு தாங்கும். எதுவானாலும் பூஜை இடத்திலும் புகை போடுகிற மூலையிலும் டைல்ஸையோ கல்லையோ அப்படியே விட்டுவிடுவது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று, ரப்பர் அடி வைத்த கால்மிதி. ரப்பரில் உள்ள ரசாயனம் மெதுவாக வினைலுக்குள் இறங்கி, கால்மிதியின் வடிவத்திலேயே மஞ்சள் கறை உண்டாக்கும். அது அழுக்கல்ல, வேதிமாற்றம். எந்தச் சோப்பிலும் போகாது. பருத்தி மிதியடி, தேங்காய் நார் மிதியடி போடுங்கள். அதிலும் அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இரும்புப் பீரோ, கட்டில் கால்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறங்குகிற கறையும் இதே மாதிரி ஊறிவிடும். கால்களுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும். மணல் துகள் காலில் ஒட்டி, நாற்காலி அடியில் சிக்கித் தேய்க்கும்போது இரண்டு தரையும் கீறும். வினைல் கொஞ்சம் அதிகம் கீறும். இங்கேதான் லேமினேட் முந்துகிறது. கடினமான மேல்முகம், கனமான சாமானுக்குப் பள்ளம் விழாத உறுதி, மரத்தைப் பார்க்கிற திருப்தி. மாடியில் ஒரு வாசிப்பு அறை, பிள்ளைகள் படிக்கிற அறை என்றால் லேமினேட்டை நான் குறை சொல்ல மாட்டேன்.

கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீழக்கரையில் விருந்து என்றால் தரையில் விரிப்பு போட்டு, ஒரு சகனை, அதாவது பலர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆணமும் (குழம்பும்) தண்ணீரும் சிந்தாமல் இருக்காது. முடிந்ததும் ஈரத்துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். அந்தக் கூடத்தில் வழவழப்பான டைல்ஸோ பழைய சிவப்பு ஆக்சைடு தரையோ நன்றாக இருந்தால், அதை மறைக்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. வெயில் காலத்தில் அந்தத் தரையில் பாய் விரித்துப் படுக்கிற குளிர்ச்சியை இரண்டு பலகையாலும் தர முடியாது. குளியலறை, கழிவறை, கழுவி விடுகிற அடுப்படி, மீனும் ஐஸ் பெட்டியும் வந்து போகிற பின்கட்டு, இங்கெல்லாம் டைல்ஸைத் தாண்டி யோசிக்க வேண்டியதே இல்லை.

பெட்டியில் எழுதியிருப்பது

லேமினேட் பெட்டியில் ஏ.சி. என்று ஒரு தர எண் இருக்கும். இது குளிர்சாதனம் அல்ல, தேய்மானத்தைத் தாங்குகிற அளவு. வீட்டுக்கு ஏ.சி. 3 போதும், அதிகம் புழங்குகிற இடம் என்றால் ஏ.சி. 4. வினைலில் பார்க்க வேண்டியது மொத்த கனத்தைவிட மேல்படலத்தின் கனத்தை. 0.3 மில்லிமீட்டர் படுக்கையறைக்குச் சரி, மணல் வருகிற கூடத்துக்கு 0.5 எடுங்கள். சில கடைகளில் “இது இருபது மில்” என்பார்கள். மில் வேறு, மில்லிமீட்டர் வேறு. ஒரு மில் என்பது 0.0254 மில்லிமீட்டர்; இருபது மில் என்றால் அரை மில்லிமீட்டர்.

போடுகிறவரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை சில உண்டு. பெட்டிகளைப் போடப்போகிற அறையிலேயே 48 மணி நேரம் படுக்கைவசமாக வைக்கச் சொல்லுங்கள். பலகை அந்த அறைக் காற்றுக்குப் பழக வேண்டும். தரையில் 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் முதலில் மட்டம் செய்ய வேண்டும். பள்ளத்தின் மேல் கிடக்கிற கிளிக், மிதிக்க மிதிக்க உடையும். சுவரோரம் லேமினேட்டுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், எஸ்.பி.சி.க்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். வேலை அவசரத்தில் பலர் இந்த இடைவெளி இல்லாமலே போட்டுவிடுகிறார்கள். இடம் இல்லாமல் பலகை விரிந்தால் அறை நடுவில்தான் மேடு எழும்பும். தரை உயர்கிற அளவுக்குக் கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். ஆசாரிக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது சதுர அடிக்குப் பலகை விலையை மட்டும் கேட்காமல், அடியில் போடுகிற ஃபோம், பாலிதீன், ஸ்கர்ட்டிங் (சுவரோரச் சட்டம்), வாசலில் வைக்கிற பட்டி, கூலி, ஏற்றி இறக்குகிற செலவு எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். 12 அடிக்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 185 சதுர அடி வாங்க வேண்டும். பெட்டிக் கணக்கில் விற்பதால் மேலே ஒரு பெட்டி அதிகம் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். ஒரே டிசைன் அடுத்த வருடமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும்.

துடைக்கிற தண்ணீரும் முக்கியம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் தரை மேல் வெள்ளைப் படலம் நிற்கும்; மர நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். காவிரிக் குடிநீரில் ஒரு சின்ன வாளி எடுத்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். லேமினேட் போட்ட அறையில் மாப்பில் இருந்து சொட்டுகிற அளவுக்குத் தண்ணீர் இருக்கவே கூடாது என்பதை வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.